அடைப்பான் நோயும் மாட்டிறைச்சியின் காப்பும்

மாட்டிறைச்சியின் தூய்மையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இறைச்சிக் கடையையும் அடுப்பங்கரையையுமே கருத்திற் கொள்கின்றனர். ஈ மொய்க்காத பலகை, கழுவிய கத்தி, நல்ல தண்ணீர், நன்கு வேகவைத்தல் ஆகியவை இன்றியமையாதனவே. சால்மொனெல்லா, ஈ. கோலி முதலிய பாக்டீரியாக்களால் வரும் தீங்கைப் பெருமளவு தடுப்பதற்கு இவை பயன்படுகின்றன. ஆயினும், கால்நடைகளைத் தாக்கும் பாக்டீரியாக்களுள் ஒன்று இவ்வொழுங்குக்குள் அடங்குவதில்லை. அதனால் விளையும் தீங்கு, இறைச்சி அடுப்பேறுவதற்கு நெடுநேரம் முன்பே, செத்த மாட்டின் தோலில் கத்தி வைத்த பொழுதே தொடங்கிவிடுகிறது. கால்நடைத் துறையில் அடைப்பான் என்று வழங்கும் ஆந்த்ராக்ஸ் நோயை விளைவிக்கும் பாசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்பதே அப்பாக்டீரியா.

இந்நோயைக் குறித்துக் கிராமங்களில் சொல்லப்படும் அறிவுரை, நோயுற்ற மாட்டின் இறைச்சியை உண்ணலாகாது என்னும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அவ்வாக்கியம் உண்மையானதே, ஆனால் அது போதாது. உண்பதற்கு முன்னர் அறுப்பதிலேயே ஆபத்து உள்ளது என்பதை அது சொல்வதில்லை. செத்த மாட்டுக்கும் ஒரு விலை உண்டு, அவ்விலையை இழக்க ஏழை உழவனால் இயலாது என்பதையும் அது எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த இழப்பில் ஒரு பங்கையேனும் பொதுமக்களின் சார்பில் அரசு ஏற்றுக்கொண்டாலன்றி, எத்தனை துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டாலும் செத்த மாட்டை அறுக்கும் வழக்கம் நிற்கப் போவதில்லை.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, இக்கிருமியின் வாழ்க்கை முறையை முதலில் அறிதல் வேண்டும். ஆடு மாடுகள் தரையை ஒட்டிப் புல் மேயும்போது மண்ணோடு சேர்ந்து இதன் வித்துக்கள் வயிற்றுக்குள் செல்கின்றன. ஸ்போர் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இவ்வித்து, கிருமியின் உறங்கும் நிலையாகும். கெட்டியான உறைக்குள் அடங்கிக் கிடக்கும் வித்து, விலங்கின் உடலை அடைந்ததும் விழித்தெழுந்து பெருகத் தொடங்குகிறது. காலையில் மேய்ச்சலுக்குச் சென்ற மாடு மாலைக்குள் விழுந்து மடிவதும் உண்டு. வயிறு விரைவில் உப்பும். உடல் வழக்கம்போல் விறைப்பதில்லை. மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றின் வழியே உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசியும். சாகும் தறுவாயில் அம்மாட்டின் இரத்தத்தில் கிருமிகள் அளவிறந்து நிறைந்திருக்கும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. உடலுக்குள் பெருகி நிற்கும் கிருமி வித்தாக மாறுவதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை. உடல் அறுக்கப்படாமல் மூடியே கிடக்குமானால், அழுகலை உண்டாக்கும் பிற கிருமிகளோடு போட்டியிட இயலாமல் அடைப்பான் கிருமிகளுள் பெரும்பாலானவை சில நாட்களில் உள்ளேயே மடிந்துவிடுகின்றன. அறுக்கப்பட்டாலோ, வழிந்தோடும் இரத்தம் காற்றுப் படும் இடங்களிலெல்லாம் வித்துக்கள் உண்டாகி மண்ணிற் கலந்துவிடுகின்றன. மூடிய தோல் ஒரு காப்பு. அதைக் கிழிக்கும் கத்தி நோயை விதைக்கும் கருவி என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வுண்மையை முதன்முதல் விளக்கியவர் பெரிய ஆராய்ச்சிக் கூடம் எதிலும் பணியாற்றியவர் அல்லர் என்பது களப்பணியாளர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது. அக்காலத்தில் பிரஷ்யாவிலும் இப்பொழுது போலந்திலும் உள்ள வோல்ஷ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட மருத்துவ அதிகாரியாக இருந்த ராபர்ட் காக், தம் வீட்டிலேயே மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு இக்கிருமியை ஆராய்ந்தார். கிருமி வித்தாவதையும் வித்து மீண்டும் கிருமியாவதையும் 1876-ஆம் ஆண்டில் அவர் எடுத்துக் காட்டினார். குறிப்பிட்ட ஒரு நோய்க்குக் குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாவே காரணம் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டதும் அப்பொழுதுதான். ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், 1881-ஆம் ஆண்டு மே மாதம், பிரான்சு நாட்டின் பூயி-லெ-போர் என்னும் பண்ணையில் லூயி பாஸ்டர் பலரறிய ஒரு சோதனை நடத்தினார். 24 செம்மறியாடுகள், ஒரு வெள்ளாடு, 6 மாடுகள் ஆகியவற்றுக்கு அவர் தடுப்பூசி இட்டார். பின்னர் மே 31 அன்று, ஊசியிட்டவற்றுக்கும் இடாதவற்றுக்கும் ஒருங்கே கொடிய கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2 அன்று மக்கள் திரண்டு வந்து பார்த்தபோது தடுப்பூசி பெற்ற ஆடுகள் உயிரோடு நின்றன. பெறாத செம்மறியாடுகளோ மடிந்து கிடந்தன, அல்லது மடிந்துகொண்டிருந்தன. நோயின் காரணமும் அதைத் தடுக்கும் வழியும் தெரிந்து ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நோய் ஒழியவில்லையெனில், குறை விஞ்ஞானத்தில் இல்லை. அதைக் கிராமத்துக்குக் கொண்டு சேர்க்கும் முறையில்தான் உள்ளது.

மண்ணிற் கலந்த வித்து எத்தனை காலம் நிலைத்திருக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தை அடுத்த குருனார்டு தீவு சான்றாகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் அரசாங்கம் இக்கிருமியைப் போர்க் கருவியாகப் பயன்படுத்த இயலுமா என்று அத்தீவில் செம்மறியாடுகளைக் கொண்டு சோதனை செய்தது. அதன் பின்னர் மனிதர் கால் வைக்கக் கூடாத இடமாக அத்தீவு விலக்கி வைக்கப்பட்டது. 1986-ஆம் ஆண்டில் கடல் நீரிற் கலந்த பார்மால்டிஹைடைக் கொண்டு நிலம் முழுவதையும் நனைத்த பிறகே, 1990-ஆம் ஆண்டில் தீமை நீங்கியதாக அறிவிக்க முடிந்தது. செல்வமும் வசதியும் மிக்க ஓர் அரசாங்கத்துக்கு ஒரு சிறு தீவைத் தூய்மைப்படுத்த அத்துணைக் காலமும் முயற்சியும் தேவைப்பட்டன. கிராமத்து மேய்ச்சல் நிலத்தை அவ்வாறு மருந்தால் நனைக்க எவராலும் இயலாது. ஆகவே, ஒருநாள் அறுத்த மாட்டின் இரத்தம், அறுத்தவனுடைய பேரன் மேய்க்கும் மாட்டையும் கொல்லக்கூடும்.

இனி மனிதனுக்கு வரும் தீங்கைக் காண்போம். அடைப்பான் மனிதரைத் தாக்கும் வழிகள் பலவாயினும், மிகப் பெரும்பாலான நோயாளிகளுக்கு அது தோல் வழியாகவே வருகிறது. தோலை உரித்த கையில், இறைச்சியைத் துண்டமிட்ட விரலில், சுமந்து சென்ற தோளில், கண்ணுக்குப் புலப்படாத சிறு கீறல் இருந்தாலும் போதும். சில நாட்களில் அவ்விடத்தில் கொப்புளம் எழும்பிப் புண்ணாகும். நடுவில் கரிபோற் கறுத்த பொருக்குத் தோன்றும். நிலக்கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ஆந்த்ராக்ஸ் என்னும் பெயரும் பிறந்தது. அப்புண்ணில் வலி இராது. வலியின்மையாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. மருத்துவம் செய்யாது விட்டால் தோல்வழி நோயுற்றோருள் நூற்றுக்கு இருபதின்மர் வரையில் மடியக்கூடும். உரிய மருந்தைக் காலத்தில் கொடுத்தால் ஏறக்குறைய அனைவரும் பிழைப்பர். வேகாத இறைச்சியை உண்பதால் வயிற்றில் வரும் நோய் அரியதாயினும் மிகக் கொடியது. மருத்துவம் கிடைக்காவிடின் அதற்கு ஆளானோருள் பாதிக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர்.

நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடுமன்றோ என்று கிராமத்தார் வினவுவது உண்டு. அவ்வினாவை அறியாமை என்று தள்ளிவிடலாகாது; அதில் ஓரளவு உண்மையும் உள்ளது. இரத்தத்திலும் தசையிலும் உள்ள கிருமியை நெருப்பு கொல்லும். வித்தையோ எளிதில் கொல்ல இயலாது. நெடுநேரம் கொதிப்பதில் வித்தும் அழியும் என்று வைத்துக்கொண்டாலும், அடுப்பிலுள்ள பானை உண்பவனை மட்டுமே காக்கும். உரித்தவனையும் துண்டமிட்டவனையும், பங்கு பிரித்த இறைச்சியை இலையிற் கட்டி வீட்டுக்குக் கொண்டு சென்ற சிறுவனையும், முற்றத்தில் கழுவி அரிந்த பெண்ணையும் அது காப்பதில்லை. நன்கு வேகவைத்து உண்ணுங்கள் என்னும் பொது அறிவுரையை அடைப்பானுக்கும் நீட்டிக்கூறுவது, ஆபத்து நிகழ்ந்து முடிந்த பின்னர் கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும்.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. ஒடிசா மாநிலத்தின் கோராபுட் மாவட்டத்தில், பழங்குடி மக்கள் வாழும் மலைக் கிராமங்களில், அடைப்பான் மீண்டும் மீண்டும் மனிதரைத் தாக்கி வந்துள்ளது. செத்த மாட்டை உரித்தவரும் அதன் இறைச்சியைக் கையாண்டவரும் உண்டவருமே அங்குப் பெரும்பாலும் நோயுற்றனர். அண்டை நாடாகிய பங்களாதேஷில், 2010-ஆம் ஆண்டில், சிராஜ்கஞ்ச், பாப்னா முதலிய மாவட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் தோல்வழி நோயுற்றனர். அங்கு மாடு நோயுற்று விழும் நிலையில், அது சாவதற்கு முன் அறுத்துவிட்டால் விலையில் ஒரு பகுதியேனும் கிடைக்கும் என்று கருதி, உடையவர்கள் அதை அறுத்து இறைச்சியைக் குறைந்த விலைக்கு அயலாருக்கு விற்றனர். கோராபுட்டிலும் பங்களாதேஷிலும் மக்களின் மொழி வேறு, சமயம் வேறு, பழக்க வழக்கங்கள் வேறு. கத்தியை எடுக்கச் செய்த காரணம் மட்டும் ஒன்றே. அது வறுமை.

சட்டம் இதனைக் கவனியாது விட்டுவிடவில்லை. கால்நடைகளின் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கென இந்தியாவில் 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் அட்டவணையில் அடைப்பானும் அடங்கும். அந்நோய் இருப்பதாக ஐயுற்றால் மாட்டுக்குடையவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவிக்கக் கடமைப்பட்டவர். விலங்குகளை அறுக்கும் கூடங்களைக் குறித்த 2001-ஆம் ஆண்டு விதிகள், அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் ஒவ்வொரு விலங்கையும் பரிசோதிக்க வேண்டும் என்றும், ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல் பார்வையிடலாகாது என்றும் வரையறுக்கின்றன. மாட்டினத்தை அறுப்பது பற்றிய சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடினும், முறைப்படி நடைபெறும் கூடங்களில் இப்பரிசோதனை பெருங்காப்பாகும். ஆனால், மலையடிவாரத்தில் மழை நாளில் திடீரெனச் சாகும் மாடு எந்தக் கூடத்துக்கும் வருவதில்லை. விதிகளின் கண் எட்டாத அவ்விடத்தில்தான் நோய் பிடித்துக்கொள்கிறது.

எனவே செய்யத்தக்கன எவை என்று ஆராய்தல் முறையாகும். முதலாவது தடுப்பூசி. தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் என்பார் 1930-களில் கண்டறிந்த, உறையற்ற வலிகுன்றிய கிருமியைக் கொண்டு செய்யப்படும் வித்துத் தடுப்பூசியே இன்று உலகெங்கும் கால்நடைகளுக்குப் பயன்படுகிறது. இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் முதலிய இந்திய நிலையங்களிலேயே இது தயாராகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, நோய் தோன்றும் பருவத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னர் இதனை இட வேண்டும். மாடு செத்த பின்னர் மருந்துப் பெட்டியோடு ஓடுவதைக் காட்டிலும், நோய் கண்ட கிராமங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்கு முன்னரே ஊசியிட்டு முடிப்பதே சிறந்த நிர்வாகம். ஓர் ஆண்டு நோய் வரவில்லை என்பதற்காக மறு ஆண்டு ஊசியை நிறுத்திவிடுவது பெரும் பிழை. மாடுகள் மறந்தாலும் மண் மறப்பதில்லை.

இரண்டாவது, இழப்பீடு. இக்கருத்தைச் சொன்னவுடன் இரு மறுப்புகள் எழுவது இயல்பு. அரசாங்கத்துக்குச் செலவு மிகும் என்பது ஒன்று. வேறு காரணத்தால் செத்த மாட்டுக்கும் மக்கள் பணம் கேட்பர் என்பது மற்றொன்று. செலவைப் பொறுத்தவரை, ஒரு மாட்டுக்குக் கொடுக்கும் தொகையைத் தனித்துப் பார்ப்பது சரியான கணக்கு அன்று. அறுக்கப்பட்ட ஒரு மாட்டினால் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள், அவர்கள் இழக்கும் கூலி, அதே நிலத்தில் வரும் ஆண்டுகளில் மடியும் மாடுகள், பல்லாண்டுகளுக்கு இட வேண்டிய தடுப்பூசி ஆகிய அனைத்தையும் எதிர்த் தட்டில் வைத்தே நிறுத்துப் பார்க்க வேண்டும். பொய்க் கோரிக்கையைப் பற்றிய அச்சத்துக்கு விஞ்ஞானமே விடை தருகிறது. செத்த மாட்டின் காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசி, மெத்திலீன் நீலச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பிற் பார்த்தால், நீலக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும். காலந்தாழ்த்தாது எடுத்த அத்தகடு, மாட்டை அறுக்காமலே கிடைக்கும் சான்று.

காப்பீடு செய்த மாட்டுக்கும் இது பொருந்தும். காப்புத் தொகை பெறுவதற்குப் பிரேதப் பரிசோதனைச் சான்று கேட்கப்படும் இடங்களில், அடைப்பான் என்று ஐயுறும்போது இரத்தத் தகட்டின் அறிக்கையையே போதிய சான்றாக ஏற்றுக்கொள்ள வேண்டும். உடலைத் திறக்கலாகாது என்று ஒரு துறை விலக்கும்போது, திறந்து பார்த்த சான்றைக் கொண்டுவா என்று மற்றொரு துறை கேட்குமாயின், இடையில் அகப்பட்ட உழவன் இரண்டையும் விட்டுக் கத்தியையே நாடுவான்.

மூன்றாவது, புதைக்கும் வேலை. ஆறடி ஆழத்தில் புதைக்க வேண்டும் என்று சொல்வது எளிது. ஒரு மாட்டுக்கு ஏற்ற குழியை அவ்வாழத்துக்கு வெட்டுவதாயின் பல வண்டி மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். அதுவும் உழவு மாட்டை இழந்தவன், மழை பெய்யும் பருவத்தில், தன் நிலத்து வேலையை விட்டுவிட்டுச் செய்ய வேண்டும். அவ்வுழைப்புக்குரிய கூலியைப் பஞ்சாயத்து ஏற்பதும், ஊருக்கு வெளியே நீர்நிலைக்கு எட்டாத இடமொன்றை முன்னரே குறித்து வைப்பதும், புதைத்த இடத்தைச் சுற்றி முள்வேலியிட்டு அடையாளக் கல் நடுவதும் நியாயமான ஏற்பாடுகள் ஆகும். விறகு எளிதிற் கிடைக்கும் இடங்களில் எரித்தலும் நல்ல முறையே. இரண்டில் எதுவாயினும், நாயும் கழுகும் உடலைக் கிழிப்பதற்குள் செய்து முடிக்க வேண்டும்.

இவற்றோடு களப்பணியாளரின் சொல்லும் தொனியும் சேர்ந்தாலன்றிப் பயன் முழுமையடையாது. செத்த மாட்டை உண்பவர் என்று ஒரு சாராரை இழிவாக நோக்கும் மனப்பான்மை நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அப்பார்வையோடு கிராமத்துக்குள் நுழையும் பணியாளரிடம் எவரும் உண்மையைச் சொல்லமாட்டார். புண்ணை மறைப்பர், மாடு செத்ததையும் மறைப்பர். மறைத்த புண் மருத்துவரிடம் வருவதற்குள் காலம் கடந்துவிடும். எந்த இறைச்சியை உண்பது என்பதில் தலையிடுவது பணியாளரின் கடமை அன்று. உடல்நலமுள்ள விலங்கு வேறு, தானாகச் செத்த விலங்கு வேறு என்னும் ஒன்றை மட்டும் ஐயமறத் தெளிவித்தல் போதும். மாடு செத்த செய்தியைக் கொண்டு வருபவரைக் குற்றவாளியாக நடத்தாமல், ஊருக்கு உதவி செய்தவராக மதித்து நடத்த வேண்டும்.

ஆசிரியரின் பங்கும் இதில் சிறிதன்று. பல கிராமங்களில் மாடு மேய்ப்போர் பள்ளிச் சிறுவரே; காட்டு விளிம்பில் விழுந்து கிடக்கும் மாட்டை முதலில் காண்போரும் அவர்களே. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு வகுப்பு நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும். திடீரெனச் செத்த மாட்டைத் தொடாதே, பெரியவரிடம் சொல், கையில் வலியற்ற கறுத்த புண் கண்டால் மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல். இம்மூன்று கட்டளைகளையும் ஒரு பிள்ளை மனத்தில் இருத்திக்கொண்டு வீட்டுக்குச் சென்றால், அக்குடும்பம் முழுவதும் கற்றதாகும். மேல்வகுப்புகளில் காக்கின் ஆராய்ச்சியையும் பாஸ்டரின் சோதனையையும் பாடமாக நடத்தும் ஆசிரியர், அக்கிருமி பாடப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை, இன்றும் நாட்டு மண்ணில் உயிரோடிருக்கிறது என்பதையும் எடுத்துக் காட்டலாம்.

அடைப்பானைத் தடுப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தடுப்பூசி இருக்கிறது, நோயுற்றவரைக் காக்கும் மருந்து இருக்கிறது, நோயைக் காட்டும் தகடும் சாயமும் வட்டார ஆய்வகத்திலேயே கிடைக்கின்றன. குறைவது ஒன்றே. செத்த மாட்டின் அருகில் நிற்கும் ஏழைக்கு, கத்தியை எடுப்பதைவிடச் செய்தி சொல்லி அனுப்புவதே இலாபம் என்னும் நிலையை உண்டாக்க வேண்டும். அந்நிலை உண்டாகும் வரையில், உண்ணாதீர் என்னும் அறிவுரை நல்ல சொல்லாகவே நின்றுவிடும். அது நல்ல காப்பாக மாறாது.